மூன்று மேக்ஸும் ஏழு மூட்டை இலையும்

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் இருக்க எனக்கு அப்போது தெரியாது. (இப்போதும் சந்தேகம்தான்.)

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள். விவசாயிகள் கடைசியாகப் போட்ட எடையை வைத்து, மாலையில் எவ்வளவு இலை வரும் என்று காலையிலேயே பட்டியல் எடுத்துத் தரவேண்டும். இலை குறைந்தால் பாதிப் பேருக்கு அன்று வேலை கிடையாது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் சின்னச்சாமியண்ணன் பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்களை வரச் சொல்வார்.

அதற்காகக் கம்ப்யூட்டரிடம் கேட்கும் கேள்வியை, அதாவது குவெரியை, எனக்கு முன்னால் இருந்தவர் வெங்காயம் மாதிரி எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு விவசாயியும் கடைசியாக இலை போட்ட தேதி எது என்று உள்ளே ஒரு மேக்ஸ் (இருப்பதில் பெரியதை எடுத்துத் தரும் கட்டளை). அந்தத் தேதியில் எடையைத் திருத்தி எழுதியிருந்தால் கடைசிப் பதிவு எது என்று அதற்கு வெளியே இன்னொரு மேக்ஸ். அந்தப் பதிவில் எத்தனை கிலோ என்று அதற்கும் வெளியே ஒரு தேடல். பட்டியல் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

எனக்குக் கை பரபரத்தது. உரித்துப் போட்டேன்! தேதிக்கு மேக்ஸ், பதிவு எண்ணுக்கு மேக்ஸ், கிலோவுக்கும் மேக்ஸ். ஒரே அடுக்கு. கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. அதில் இலையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேகமாக எடுத்ததால் அதிகமாக வருகிறது என்றுகூட நினைத்தேன் (சத்தியமாக).

"எல்லாரையும் வரச் சொல்லிரலாமுங்களா தம்பி?" என்றார் சின்னச்சாமியண்ணன்.

"தாராளமாச் சொல்லுங்கண்ணா."

மாலையில் நாற்பது பேர் வந்து நின்றார்கள். இலை வாட்டும் தொட்டிகள் அத்தனையிலும் விசிறி ஓடியது. லாரி வந்தது. ஏழு மூட்டை.

லாரியிலேயே வந்த விவசாயி பெள்ளியண்ணனிடம், உங்கள் பெயரில் முந்நூறு கிலோ இருக்கிறதே என்று பட்டியலை நீட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"இது நல்ல வெலை இருந்தப்பப் போட்டதுங்க. இப்பப் பாதித் தோட்டத்துல கேரட்டுதான் இருக்குது."

எனக்கு வியர்த்தது (குந்தா மலைக் குளிரில்). தேதி நேற்றையது, கிலோ என்றோ ஒரு பொற்காலத்தினுடையது. வெவ்வேறு வரிசைகளில் இருந்த பெரியதையெல்லாம் பிடுங்கி ஒன்றாக ஒட்டியிருக்கிறேன்!

"வந்தவங்களத் திருப்பி அனுப்ப முடியாதுங்க," என்றார் சின்னச்சாமியண்ணன். நாற்பது பேரும் ஏழு மூட்டையை ஒவ்வோர் இலையாகப் பரப்பினார்கள். நாற்பத்தோராவது ஆள் நான். ("தம்பி, அந்த எலை கோணலா இருக்குதுங்க," என்று ஓர் அக்கா வேறு.)

மறுநாள் சரியாக எழுதினேன். ஒவ்வொருவருடைய பதிவுகளையும் புதியது மேலே வரும்படி அடுக்கி, முதல் வரிசையை உடைக்காமல் முழுதாக எடுத்தால் போதும். வெங்காயமும் இல்லை, பொய்யும் இல்லை. அதுவும் நொடியில் வந்தது! வேலை தப்பியது.

வீட்டில் சொன்னதுதான் தப்பு. பெண் பார்க்கப் போன இடத்தில், ஓட்டப் பந்தயத்தில் நான்தான் முதல் என்று லேசாக எடுத்துவிட்டேன். தங்கை காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது ஆறாவதுல ஓடுனதுங்க. அண்ணன் எதச் சொன்னாலும் தேதியக் கேட்டுக்குங்க."

கல்யாணம் நடந்தது. மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.