துண்டுக்குள் ஒரு சலாம்

விடுதி அறை,
வியாழக்கிழமை, லுஹர் தொழுகைக்குச் சற்று முன்.

கண்ணியத்துக்குரிய அக்பர் அலி மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகன் இஷாக் மிகுந்த பணிவோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், என் அறைத்தோழன் விக்னேஷ்குமார், ஏழு ஆடுகள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சைதூன் மாமியும் பர்ஹானாவும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். ஆடுகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கடிதம் போகிற போக்கில் சொல்கிறேன். அதுவரை தயவுசெய்து உட்கார்ந்தே படியுங்கள். என் செல்போன் வார்டன் பேச்சிமுத்து சாரின் மேசைக்குள் கிடப்பதால்தான் இந்தக் காலத்தில் கடிதம்.

முதலில் வேண்டுகோளைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்குள் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து வார்டனிடம் பேச வேண்டுமாம். இல்லாவிட்டால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவாராம். அந்தப் பெரியவர் நீங்களாக இருக்க வேண்டும். அத்தாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததுமே என்னைத் தன் தோல் மண்டியில் உட்காரவைக்கப் பார்த்தவர் அவர். நீங்கள்தான் குறுக்கே விழுந்து, "மச்சான், இவனுக்கு வியாபாரப் புத்தி துளிகூடக் கெடையாது. மண்டியில உக்கார வெச்சா வர்றவனுக்கெல்லாம் தோலைச் சும்மா தூக்கிக் குடுத்துட்டு டீயும் வாங்கிக் குடுப்பான். படிக்கட்டும், விடுங்க" என்று வாதாடித் தாவரவியலில் சேர்த்து, அத்தா மண்டிக்கு இழுக்காதபடி உள்ளூரிலேயே விடுதியிலும் விட்டீர்கள். மாமா, சிரிக்காதீர்கள், இந்தப் படிப்பை நான் உயிராக நினைக்கிறேன். ரோட்டோரத்தில் எல்லோரும் மிதித்துப் போகிற களைக்கு ஒரு பெயர் இருப்பதும் அது எனக்குத் தெரிந்திருப்பதும் எவ்வளவு சந்தோஷம் என்று எப்படிச் சொல்வது? இந்த ஆடு விஷயம் அத்தா காதுக்குப் போனால் அதோடு படிப்பு முடிந்தது.

நடந்தது இதுதான். இரவு நேரத்தில் திருச்சி எப்படி ஜொலிக்கிறது என்று விக்னேஷ்குமார் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டான். நேற்றுச் சாயங்காலம் அவனும் நானும் சுவரேறிக் குதித்து (சுவர் சிறியதுதான், மாமா) பஸ் பிடித்துப் போய் இறங்கினால், நாங்கள் பார்க்க நினைத்த இடமெல்லாம் எங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. மலைக்கோட்டை வாசலில் காவலாளி "காலையில வாங்க தம்பி" என்று கொட்டாவி விட்டார். பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம், கடை மாஸ்டர் "எந்த ஊரு?" என்றார், திண்டுக்கல் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கே நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும், பழனிக்குப் போகிற வழியில் எங்கே சாப்பிடலாம், பூட்டு எங்கே வாங்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார். திருச்சியைச் சுற்றிப் பார்க்கப் போன நாங்கள் பாதி ராத்திரி திருச்சிக்காரருக்குத் திண்டுக்கல்லைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தோம். பிறகு காவிரிப் படித்துறைக்குப் போனோம். விக்னேஷ்குமாருக்கு ஊர் குஜிலியம்பாறை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வறண்ட ஊர்க்காரனுக்கு அம்புட்டுத் தண்ணீரை ஒரே இடத்தில் காட்டியிருக்கக் கூடாது. "மாப்ள, இதெல்லாம் சும்மாவா போகுது? யாரும் கேக்க மாட்டாங்களா?" என்று திறந்த வாயோடு படியிலே இறங்கிக்கொண்டே போனான், வழுக்கியது, நான் பிடித்தேன், இரண்டு பேரும் உள்ளே. ஆழமில்லை. ஆனால் பேண்ட் சட்டை எல்லாம் நனைந்து, பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு லுங்கியும் துண்டும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். என் லுங்கி ஊதா. இப்போது என் காலும் ஊதா.

ஈரத்துணியை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினால், பஸ் முழுக்க எங்களைப் போலவே லுங்கியும் துண்டுமாக ஆட்கள். நமக்கென்ன என்று தூங்கிவிட்டோம். விடியும் முன்னால் கண்டக்டர் தோளைத் தட்டி, "ஏலே அப்பு, சந்தை வந்துருச்சு, எறங்கு எறங்கு" என்று எல்லோரோடும் சேர்த்து எங்களையும் இறக்கிவிட்டார். தூக்கக் கலக்கத்தில் இறங்கியும்விட்டோம். அது அய்யலூர் ஆட்டுச்சந்தை. பஸ் எங்கள் மஞ்சப்பையோடு போய்விட்டது. சுற்றிலும் ஆடு, மாமா! கண்ணுக்கு எட்டின மட்டும் ஆடும் அதைப் பிடித்த ஆட்களும்தான். விக்னேஷ்குமார் டீ வாங்கப் போனான். நான் தோளில் துண்டோடு சும்மா நின்றேன். அப்போது ஆண்டிச்சாமி என்ற பெரிய மீசைக்காரர் நேராக என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, தன் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடினார்.

வாராவாரம் அங்கே ஆடு வாங்குகிற உங்களுக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். எனக்கு யார் சொன்னார்கள்? என்னைச் சந்தைப் பக்கமே விட்டதில்லையே! குளிருக்கு மூடுகிறார், பாசக்காரர் என்று நினைத்தேன். பெரியவர்கள் கை கொடுத்தால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அவர்கள் விடும் முன் நாம் விடக் கூடாது என்று மதரசாவில் உஸ்தாத் சொல்லிக்கொடுத்தபடி, நானும் சலாம் சொல்லி இரண்டு கையாலும் பிடித்தேன். அவருடைய விரலில் இரண்டுதான் பிடியில் அகப்பட்டது. அந்த ஆள் நெருப்பை மிதித்தவர்போலத் துள்ளி, "ஏலே, என்ன புடி புடிக்கிற? மனசாட்சி இருக்கா?" என்றார். நான் மரியாதையாக, "நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன். "வீட்ல சௌக்கியமா இருக்கணும்னுதானே இம்புட்டுத் தூரம் ஓட்டியாந்திருக்கேன்!" என்று நாலு விரலை நீட்டினார். நான் அதையும் அன்போடு மடக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை, அதனால் நானும் விடவில்லை. அவருக்கு வேர்க்கிறது. எனக்குக் கை வலிக்கிறது, இருந்தாலும் அடக்கத்தோடு சிரிக்கிறேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. "யாருய்யா இந்தப் பாய் வீட்டுப் பய, சிரிச்சுக்கிட்டே கொல்றான்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் ஆண்டிச்சாமி, "சரி, ஒன் வெலைக்கே ஓட்டிக்கிட்டுப் போ! இனி ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று துண்டை உதறி என் கையில் ஏழு கயிறுகளைத் திணித்தார். டீயோடு வந்த விக்னேஷ்குமார்தான் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்: "மாப்ள, துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சா அது சலாம் இல்லடா, வெல!" என்ன விலை என்று கேட்டேன். "அது ஒன் வெரலுக்கும் அவர் வெரலுக்கும்தான்டா தெரியும்" என்றான்.

பணம் எங்கே என்று ஆண்டிச்சாமி கேட்டபோது, பயத்தில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். "அக்பர் அலி பாய் மருமகனா? அதானே பார்த்தேன்! அவருகிட்ட வாங்கிக்கிறேன்" என்று அவரே ஒரு குட்டியானை வண்டியில் ஆட்டையும் எங்களையும் ஏற்றிவிட்டார். பேகம்பூரில் நம் வீட்டுப் பக்கம் விடச் சொன்னால் அத்தா பார்த்துவிடுவார் என்று விடுதிக்கே விடச் சொன்னேன். அதுதான் நான் செய்த ஒரே தவறு. அறைக்குள் விட்ட கொஞ்ச நேரத்தில், நான் ஒரு வருஷமாகப் பறித்து, காயவைத்து, ஒட்டி, பெயரெழுதி வைத்திருந்த செடி மாதிரிகளையெல்லாம் லத்தீன் பெயரோடு தின்றுவிட்டன. அழுதேன், மாமா. பிறகு வார்டனின் செம்பருத்தியையும் தின்றன. அதற்கு அவர் அழவில்லை, கத்தினார். மெஸ் பையன்கள் வந்து ஒவ்வொரு ஆட்டையும் தடவிக் கொடுக்கும் விதமும் சரியில்லை.

கட்டாயம் நான் ஏமாந்துதான் போயிருப்பேன். நான் வாங்கி ஏமாறாத பொருள் இதுவரை கிடையாது. நீங்கள் பெரிய மனசு பண்ணி நாளைக் காலையில் வந்து, நான் பொறுப்புள்ள, விவரமான பையன் என்று வார்டனிடம் எடுத்துச் சொல்லி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். மெஸ்ஸில் சமைக்கிற செபாஸ்தியம்மாள் அக்கா வேலை முடிந்து உங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மாமிக்கு என் சலாம். பர்ஹானாவிடம் ஆடு என்ற வார்த்தையே எடுக்க வேண்டாம், ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். உங்கள் ஆயுளையும் பொறுமையையும் அல்லாஹ் நீட்டித் தரட்டும், இப்போதைக்குப் பொறுமையை முதலில்.

என்றும் பணிவுள்ள மருமகன்,
இஷாக்.

பி.கு.: மாமா, மேலே எழுதியதை அப்படியே மறந்துவிடுங்கள். செபாஸ்தியம்மாள் அக்கா பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அத்தாவே வந்துவிட்டார். சந்தையிலிருந்து மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் இதே பேச்சாம். நான் கட்டிலுக்கடியில் இருந்தேன். அத்தா என்னைத் தேடவில்லை. ஏழு ஆட்டையும் முதுகைத் தடவி, பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆண்டிச்சாமிக்குப் போன் போட்டு விலை கேட்டார். கேட்டதும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை வெளியே இழுத்து, குர்ஆன் ஓதி முடித்த அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "உங்க மாமன் இத்தனை வருஷமா அய்யலூர் போறான், ஒருநாளாச்சும் இதுல பாதி மலிவா வாங்கியிருப்பானா? அவன் பேச்சைக் கேட்டு ஒன்னைப் புல்லுப் பூண்டு படிக்க விட்டேனே!" என்று கண் கலங்கினார். இப்போது டி.சி. வாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து நான் சந்தைக்குப் போக வேண்டுமாம். ஆகவே மாமா, நாளைக்கு வேண்டாம், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு இப்போதே ஓடி வாருங்கள். பொறுப்பு, விவரம் என்று வாய்தவறிக்கூட ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். என்னை அடிமுட்டாள் என்று அத்தாவிடம் நீங்கள் ஒருவர் சத்தியம் செய்தால் போதும், நான் எப்படியாவது படித்துவிடுவேன்.