தப்பே ஓடாத பாரிசுக் கடிகாரம்

மழை பெய்தால் தேயிலைக் காட்டில் அட்டை கிளம்பும். சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேற, மலைநாட்டில் இன்னோர் இனம் கிளம்பியது. துரை பங்களா ஏலத்தில் ஏதாவது ஒன்றை எடுத்துவந்து, நடுவீட்டில் வைத்து, அதற்குத் தானே பூசாரியாகிவிடும் இனம். அட்டை கடித்தால் உப்பு வைக்கலாம். இதற்கு என்ன வைப்பீர்கள்? இது நாற்காலி போடும், தேத்தண்ணி கொடுக்கும், எழுந்திருக்க மட்டும் விடாது.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் அழகுமுத்துவுக்கு வாய்த்தது ஒரு பாரிசுக் கடிகாரம். கண்ணாடிக் கூண்டுக்குள் பொன் பூசிய வெண்கலத்தில் ஓர் இடைச்சி, கையில் பூக்கூடை, காலடியில் ஆட்டுக்குட்டி, நடுவே வெள்ளைப் பீங்கான் முகம். தபால்காரரானாலும் சரி, அம்மை குத்த வந்தவரானாலும் சரி, உருவத்தை வார்த்தவன் வேறு, பொன் பூசினவன் வேறு, உள்ளே இயந்திரம் செய்து முகத்தில் பேர் எழுதிக்கொண்டவன் வேறு என்ற விவரத்தையெல்லாம் கேட்டுத் தலையாட்டாமல் அந்த வீட்டை விட்டு வெளியேற முடியாது. பொன் பூசினவன் கதை வந்தால் அவர் குரல் தழுதழுக்கும். "பாதரசப் புகைங்க! அதக் குடிச்சுக் குடிச்சே பாதி வயசுல போய்ச் சேர்ந்தானுங்க, பாவம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அடுப்படியில் ஈர விறகோடு மல்லுக்கட்டி இருமிக்கொண்டிருப்பவள் அவர் மனைவி மீனம்மா. பாரிசில் பிறக்காதது அவள் தப்பு.

அதெல்லாம் போகட்டும், மணியாவது சரியாகக் காட்டுமா? பெண்டுலம் தொங்குவது பட்டு நூலில். டிக்கோயாப் பனியில் நூல் நனைந்து தொய்யும், கடிகாரம் பின்தங்கும். ரேடியோ ஒரு நேரம் சொல்லும், கொழுந்து அரைக்கும் ஸ்டோரின் சங்கும் அதையே சொல்லும், ரயிலும் அதையே சொல்லிவிட்டுப் போய்விடும். அழகுமுத்து அசையமாட்டார். "ஊரே தப்பா ஓடுதுங்க" என்பார்.

இந்த வீட்டுக்குத்தான் ராகலையிலிருந்து மகள் சண்முகவடிவைப் பெண் பார்க்க வந்தார்கள். கோயில் திருவிழாவில் அந்த மாப்பிள்ளைப் பையனைப் பார்த்த நாள் முதல் அவள் வேண்டாத சாமியில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தை உற்றுப் பார்த்தாள். "கூடைய முதுகுல போடாமக் கையில வச்சுக்கிட்டு இவ எப்படிங்க கொழுந்தெடுப்பா?"

போதாதா? "கொழுந்துக்காரி இல்லீங்க! இடைச்சி! பாரிசு இடைச்சி!" என்று ஆரம்பித்தார் அழகுமுத்து. பலகாரத் தட்டோடு கதவருகே வந்த பெண் அங்கேயே நின்றுவிட்டாள். வார்ப்பு முடிந்து பொன் பூச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சோலைமலை துண்டை உதறி உதறித் தோளில் போட்டார்.

"கடைசி பஸ்ஸுங்க..."

"நேரம் கெடக்குங்க! கடியாரத்தப் பாருங்க."

பார்த்தார்கள். நேரம் இருந்தது. பஸ்தான் இல்லை.

அன்றிரவு விருந்தாளிகள் பாயில் படுத்தார்கள். இடைச்சி மணியடித்துக்கொண்டே இருந்தாள். காலையில் சோலைமலை சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. ஆனா முகூர்த்தத்த இதப் பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா எம்மவன் ராகு காலத்துலதான் தாலி கட்டுவான். இது தப்பா ஓடுதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க கிளாக்கரய்யா, இப்பவே வெத்தல பாக்கு மாத்திக்குவோம்."

அழகுமுத்து கண்ணாடிக் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். "பட்டு நூலுங்க... பனிக்கு..." என்று இழுத்தார். மீனம்மா இருமினாள். இந்த இருமல் புகையால் வந்ததல்ல. கதவருகே மகளின் கண் நிறைந்திருந்தது.

"தப்பாத்தான் ஓடுது" என்றார்.

வெற்றிலை பாக்கு மாறியது. விருந்தாளிகள் கடிகாரத்தைப் பார்க்காமலே பஸ்ஸுக்கு ஓடினார்கள். வீடு காலியானதும் அழகுமுத்து கண்ணாடிக் கூண்டைத் துண்டால் துடைத்து, குனிந்து இடைச்சியிடம் சொன்னது அடுப்படி வரை கேட்டது. "புள்ள கல்யாணத்துக்காகச் சொன்னேன். மனசுல வச்சுக்காத, தாயி."

நாலு பிள்ளை பெற்ற மீனம்மாவுக்கு இப்படியொரு சமாதானம் இன்றுவரை வாய்த்ததில்லை.

சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் தப்பே செய்யாதது எது? கடிகாரமாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. ரேடியோப் பெட்டியாக இருக்கலாம், முற்றத்து ரோஜாவாக இருக்கலாம், மூத்த மகனாகக்கூட இருக்கலாம். அடுத்த முறை அதைப் பற்றி ஆரம்பித்ததும் எதிரே இருப்பவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். குடையைத் தேடுகிறதா? விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும். அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.