சின்ன வண்டிக்குக் கட்டிய பெரிய பாடி

மல்லசமுத்திரம்,
13-8-1988, சனிக்கிழமை.

ஆத்தூரில் அரிசி ஆலை நடத்தும் என் அன்புத் தம்பி சரவணமுத்துவுக்கும், அவன் மனைவி மாரக்காளுக்கும், அக்காள் ராஜம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மச்சானும் சுகம். கோயமுத்தூர் விடுதியில் மகள் சுகம். பண்ணையில் இரண்டாயிரம் கோழிகளும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்கத் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்துத் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். சுகமானவர்களின் பட்டியல் இத்துடன் முடிகிறது. வண்டி அதில் இல்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாங்கள் வாங்கியது போலவே ஒரு சின்ன பிக்கப் வண்டி ஆலைக்கு வாங்கப் போவதாகவும், ஆடி முடியட்டும் என்று காத்திருப்பதாகவும், ஆவணி முதல் தேதி முன்பணம் கட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். எத்தனை மூட்டை தாங்கும், லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும், மாரக்காளும் ஓட்டிப் பழகலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆவணிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. ஆகையால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்காதே. காரணத்தை உட்கார்ந்து படி. எனக்கு அந்த அதிர்ச்சி வந்தபோது பக்கத்தில் நாற்காலிகூட இல்லை.

நான் இந்த வண்டிக்கு ஏன் ஆசைப்பட்டேன் என்பது உனக்குத் தெரியும். நம் பண்ணை முட்டைகள் இதுவரை சேலம் போனதெல்லாம் உன் மச்சானின் லாரியில், டிரைவர் சென்னிமலைக்கு மனம் வந்த நாளில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே. ஏற்றும்போது முட்டை, இறக்கும்போது பாதி ஆம்லெட். வீட்டு வாசலில் இரண்டு லாரி நின்றும், கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் நான் அவற்றின் ஸ்டியரிங்கைத் தொட்டது ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டும்தான். அதனால்தான் நாற்பத்து மூன்று வயதில் சேலத்துக்குப் போய், என் பிள்ளை வயதுக்காரர்களோடு வரிசையில் நின்று டிரைவிங் பழகி, லைசென்ஸ் வாங்கினேன். வண்டிக் கடையில் மற்றவர்கள் எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள், டயரை உதைத்துப் பார்த்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கோலப்பொடி டப்பாவின் மூடியைத் திருகுவதுபோல அவ்வளவு லேசாகத் திரும்பியது. அது போதும் என்றேன்.

ஆனி மாதம் ஒரு நல்ல நாளில், சேலத்திலிருந்து ஊர் வரைக்கும் நானே ஓட்டி வந்தேன். ஆட்டையாம்பட்டியில் நிறுத்தி முறுக்கு வாங்கினேன். முறுக்கு வேண்டும் என்பதற்காக அல்ல. நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறதே, அதற்காக. முட்டையை ஏற்றும் முன் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று மூன்று நாள் கோயமுத்தூர் போனேன். அந்த மூன்று நாள்தான் நான் செய்த பிசகு.

திரும்பி வந்தால் வாசலில் வண்டி இல்லை. பண்ணையில் வேலை செய்யும் காளியாத்தாளின் ஆடுகள் ஒரு பெரிய தகரத் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அந்தத் தொட்டியின் வெள்ளைப் பெயிண்டை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தபடி உள்ளே போய், வண்டி எங்கே என்று கேட்டேன். உன் மச்சான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நாமக்கல்லுல பாடி கட்ட உட்டிருக்குது" என்றார்.

தம்பி, நம் பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரி என்றால் கம்பெனியிலிருந்து எஞ்சினும் சட்டமும் சக்கரமும்தான் வரும். டிரைவர் ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஓட்டி வந்து சேர்ப்பார். அதற்கப்புறம் பட்டறையில் விட்டு மரமும் இரும்பும் வைத்துப் பாடி கட்டுவோம். உன் மச்சான் பிறந்ததிலிருந்து பார்த்தது இதைத்தான். பின்பக்கத்தோடு வந்த வண்டியைக் கண்டதும் அவர் என்ன நினைத்தார் தெரியுமா? அது வழியில் அடிபடாமலிருக்கக் கம்பெனிக்காரன் கட்டியனுப்பிய தகர டப்பா என்று நினைத்துவிட்டார். ரேடியோ வாங்கினால் அட்டைப்பெட்டி வருமே, அந்த மாதிரி. பிரித்து எடுத்து, வீணாக்க வேண்டாமென்று ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பி.ஏ. சரித்திரத்தில் எத்தனையோ படையெடுப்புகளைப் படித்திருக்கிறேன், ஒன்றும் இப்படி முதுகுப்பக்கமாக வந்ததில்லை.

மறுநாளே பஸ் ஏறி நாமக்கல் போனேன். பட்டறை மேஸ்திரி அர்த்தநாரி என்னைப் பார்த்ததும் கல்யாண வீட்டுக்காரரைப் போல ஓடி வந்தார். அதற்குள் பாதி கட்டியாகிவிட்டது. கைப்பிடி கனத்துக்கு வேங்கைப் பலகை, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, தலைக்குமேல் படுதா வைக்கக் கிரீடம் மாதிரி ஒரு கேரியர். என் சின்ன வண்டி அதற்கடியில், அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி நின்றது. மேஸ்திரி, இது ஒரு டன் தாங்கும் வண்டியாயிற்றே, பாடியே இத்தனை கனமிருந்தால் எப்படி என்று கேட்டேன். அவர் பலகையைத் தட்டிக் காட்டி, "கவலயே படாதீங்கம்மிணி. நாப்பது வருசம் தாங்குமுங்க. வண்டி போனாலும் பாடி நிக்குமுங்க" என்றார். அந்த மனிதரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. என் சுபாவம் அது. பிறகு பேச வேண்டியதையெல்லாம் நினைத்து நினைத்துப் பார்ப்பேன், அந்த நேரத்துக்குச் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மல்லசமுத்திரம் வரைக்கும் மனசுக்குள் அவரோடு வாதாடினேன். எல்லா வாதத்திலும் நான்தான் ஜெயித்தேன்.

ஆடி பிறந்து வண்டி வந்தது. முன்னால் இரண்டு தாமரை, பக்கத்துக்கொரு கழுகு, பின்னால் 'ஒலி எழுப்பவும்'. ஊரே வந்து பார்த்துவிட்டு, லாரி குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. உன் மச்சானுக்கு அதுவும் பெருமைதான்.

நீ கேட்ட சுமைக்கு வருகிறேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் உன் மச்சான் மரவள்ளி மாவு ஏற்றப் போனபோது, காலி வண்டியை முதலில் எடை மேடையில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்கள். எடை போடுகிறவர் முள்ளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். இதுதான் காலி வண்டி என்றார் உன் மச்சான். அவர் நம்பாமல் பின்னால் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். அப்புறம் மெதுவாக, கம்பெனி சொன்ன கணக்குப்படி இதற்குமேல் நீங்கள் ஏறலாம், ஒரு மூட்டையும் ஏறலாம், சாப்பிடாமல் வந்தால் ரெண்டு மூட்டை என்றாராம்.

அத்தோடு விட்டால் சரி. லாரிக்காரர்களுக்குக் கம்பெனி போட்ட கணக்கு என்றைக்குப் பிடித்தது? ஒரு டன் என்று எழுதினால் மூணு டன் ஏறும், அவன் பயந்து எழுதியிருக்கான் என்று சொல்லி, பின்கதவு வரைக்கும் மூட்டையை அடுக்கிட்டாங்க. சந்தை மேட்டுல ஏறும்போது முன்சக்கரம் ரெண்டும் பூமியை விட்டுக் கிளம்பிருச்சு. சந்தைநாள் வேற. உள்ளே உன் மச்சானும் சென்னிமலையும் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. சென்னிமலை பதினெட்டு வருசம் பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டினவன், அவன் ரொம்ப மரியாதையா, "ஏனுங்க, இப்ப ஸ்டேரிங்க எந்தப் பக்கம் ஒடிக்கறதுங்க?" என்று கேட்டானாம். கத்தரிக்காய் வியாபாரி, வளையல்காரர், யார் யாரோ ஓடி வந்து பானெட்டு மேல ஏறி உட்கார்ந்தப்புறம்தான் முன்பக்கம் இறங்குச்சு. இறங்கச் சொன்னா மறுபடி தூக்குது. அப்படியே அஞ்சு பேரும் முன்னால உட்கார்ந்தபடி ஊட்டு வாசல் வரைக்கும் வந்து, டீ குடிச்சுட்டுப் போனாங்க. லிட்டருக்கு எத்தனை தூரம் என்று கேட்டாயே, எனக்குத் தெரியலை சாமி. ஒரு தடவைக்கு அஞ்சு டீ என்பது தெரியும்.

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம். போன திங்கட்கிழமை நடந்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை. சேலத்தில் ஒரு விடுதிக்கு வாராவாரம் முட்டை கொடுக்க நான் ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் வண்டி. தட்டுக்குத் தட்டு வைக்கோல் பரப்பி நானே ஏற்றினேன், நானே ஓட்டினேன். பண்ணைப் பாதை தார்ரோட்டில் சேரும் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திரும்பவில்லை. பின்னால் மூட்டைக் கனம் இல்லாததால், தலைக்குமேல் இருந்த கேரியரின் கனம் முழுக்க முன்சக்கரத்தில். ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்துத் திருப்புவதுபோல இரண்டு கையாலும் இழுத்தேன், எழுந்து நின்று இழுத்தேன். ரோடு இடப்பக்கம் போயிற்று. நான் நேராக நிலக்கடலைக் காட்டுக்குள் போனேன். முட்டை ஒன்றுகூட உடையவில்லை, அதுவும் சொல்லிவிட வேண்டும், அர்த்தநாரி கட்டிய பாடி அசையவே இல்லை.

வரப்பில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது பாடிக்காக இல்லை. அந்த வண்டி யாருடைய கைக்கு என்று யாருக்குமே ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே என்று. காளியாத்தாள் போய்ச் சொல்லி உன் மச்சான் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் லாரி வைத்திருந்தும் அவர் ஸ்டியரிங் பிடித்து நான் பார்த்ததில்லை; முதலாளி பக்கத்து சீட்டில்தானே உட்காருவார். திருப்பிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, சக்கரம் அசையவில்லை. "இத்தன கெட்டியாவா இருக்குது?" என்றார்.

நான் சொன்னேன். "நீங்க ஊட்டுக்கு இன்னொரு லாரி வாங்கீட்டீங்க. நான் வாங்குன வண்டி எங்கீங்க?"

அவர் இறங்கிப் பண்ணைப் பக்கம் நடந்தார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. முட்டை பழையபடி லாரியில் போனது. நேற்றுக் காலையில் சென்னிமலையைக் கூட்டிக்கொண்டு, வண்டியோடு நாமக்கல் போனவர் இன்னும் வரவில்லை. இன்னும் நாலு இரும்புப் பட்டை அடிக்கத்தான் போயிருப்பார் என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே தம்பி, வண்டி வாங்கப் போகிறவன் எஞ்சினைப் பார்க்க வேண்டும், டயரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அதெல்லாம் அப்புறம். அது வந்து நிற்கப் போகும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார். மாரக்காள் ஓட்டலாமா என்று கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. வாங்காதே. உன் ஆலையும் பிள்ளைகளும் பெருகி, ஒரு குறையுமில்லாமல் நிறைந்திருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். மாரக்காளிடம் என் அன்பைச் சொல்.

உன் அக்காள்,
ராஜம்மாள்.

பின்குறிப்பு (16-ஆம் தேதி, செவ்வாய், அதிகாலை): சனிக்கிழமை தபால் எடுத்த பிறகுதான் எழுதி முடித்தேன், ஞாயிறு விடுமுறை, நேற்று சுதந்திர தினம். அதனால் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வண்டி வந்தது. பாடி இல்லை. மொட்டையாக, கம்பெனியிலிருந்து வரும் லாரி மாதிரி வந்து நின்றது. உன் மச்சான் இறங்கி நேராகக் காளியாத்தாளிடம் போய், ஆடுகளை விரட்டிவிட்டுத் தகரத் தொட்டியைத் தூக்கி வந்து, கழுவி, சென்னிமலையோடு சேர்ந்து தன் கையாலேயே முடுக்கினார். காளியாத்தாள் விடவில்லை, தொட்டி போனால் என் ஆட்டுக்கு என்ன வழி என்று கேட்டாள். பின்னாலேயே லாரியில் வந்த வேங்கைப் பாடியை முழுசாகப் பண்ணை ஓரத்தில் இறக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது ஆடுகள் கழுகுக்கும் 'ஒலி எழுப்பவும்' பலகைக்கும் நடுவே படுத்திருக்கின்றன. நாற்பது வருஷம் நிற்கும். பிறகு சாவியை என் கையில் கொடுத்து, "ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார்.

அப்போதே முகம் கழுவிச் சாந்து இட்டு, அது நெற்றியில் காயும் முன் ஒரு சுற்று ஓட்டினேன். கோலப்பொடி டப்பா மூடிதான், மாறவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. வாங்கு. மாரக்காளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நேரில் வந்து உள்ளே கொடுத்தனுப்புகிறேன்; நீ படிக்கும்போது நான் உன் ஆலை வாசலில் வண்டியோடு நிற்பேன், எட்டிப் பார்.

உன் மச்சானும் கூட வருகிறார். ஆவணி முதல் தேதிக்கு நாமக்கல் பட்டறையில், உன் வண்டிக்குப் பாடி கட்ட, உன் பேரில் இடம் பிடித்து வைத்துவிட்டதாகச் சற்றுமுன் சொன்னார். அர்த்தநாரியின் மனம் நோகக் கூடாதாம். வண்டி எப்போது வருகிறது என்று உன் மச்சானிடம் மூச்சு விடாதே.