பொட்டுத் தூசி இல்லாத லென்ஸ்

ஒரு காட்டில் கல்யாண வீடுகளில் ஃபோட்டோ எடுத்துப் பிழைக்கிற தேவாங்கு ஒன்று இருந்தது. பேர் துரைக்கண்ணு. போன முகூர்த்தத்துக்குப் பழைய லென்ஸ் ஒன்றை நம்பி வாங்கி, உள்ளே பூஞ்சை படர்ந்திருந்ததைக் கவனிக்காமல், கரடி வீட்டுக் கல்யாணத்தையே புகைமூட்டமாக எடுத்துக் கொடுத்துவிட்டது, பாவம். இப்போது காட்டுப்பன்றி ஏகாம்பரத்துக்கு அறுபதாம் கல்யாணம். படம் சொதப்பினால் துரைக்கண்ணு குடியிருக்கிற மரத்தை வேரோடு தோண்டிவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தது. ஏகாம்பரம் சொன்னால் தோண்டும்.

ஆகவே பழைய சாமான் விற்கிற மந்தி காத்தமுத்துவின் கடைக்கு டார்ச் லைட்டும் கையுமாகப் போனது துரைக்கண்ணு. ஒவ்வொரு லென்ஸாக வெளிச்சம் அடித்துப் பார்த்தது. ஒன்றில் பூஞ்சையாம், ஒன்றில் கீறலாம், ஒன்றில் எண்ணெய் கசிகிறதாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மந்தி, உள்ளே போய் ஸ்குரூ டிரைவரோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு ஒரு லென்ஸோடு வந்தது.

டார்ச் அடித்ததும் துரைக்கண்ணுவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பூஞ்சை இல்லை, கீறல் இல்லை, ஒரு பொட்டுத் தூசி இல்லை. தொட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் லென்ஸில் கைரேகை படுவது மகாபாவம் என்று நினைக்கிற ஆள் அது.

"எடை குறைச்சலா இருக்கே, தம்பி?"

"அழுக்கு இல்லேல்ல அண்ணாச்சி, அதான்."

அதுவும் சரிதான் என்று வாங்கி வந்துவிட்டது.

கேமரா பழைய ஃபிலிம் கேமரா. கண் வைக்கிற துளை தனி, லென்ஸ் தனி. அதனால் கல்யாணத்தன்று எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. ஃபிலிமைக் கழுவினால் படத்துக்குப் படம் வெள்ளை மூட்டம். மாலை எது, மாப்பிள்ளை எது என்றே புரியவில்லை. பதறிப்போய் லென்ஸைத் துடைக்கப்போனது. இந்தப் பக்கம் நுழைந்த துணி அந்தப் பக்கம் வந்தது. உள்ளே கண்ணாடியே இல்லை.

குடியிருந்த மரம் போச்சே என்று அழுதுகொண்டே ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஏகாம்பரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. அதன் மனைவி கோமளவல்லியும் எட்டிப் பார்த்தது.

"முகத்துல ஒரு சுருக்கம்கூட இல்லீங்களே," என்றது கோமளவல்லி.

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களை இருக்கிறபடி எடுத்தவன் நீ ஒருத்தன்தாம்ப்பா."

அடுத்த முகூர்த்தத்துக்குக் காடே வந்து வரிசையில் நிற்கிறது. துரைக்கண்ணு தன்னிடம் மிச்சமிருந்த நல்ல லென்ஸ்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய், கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்லி மந்தியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறது.

நீதி: பழைய லென்ஸ் வாங்குமுன் உள்ளே டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள், கண்ணாடி இருந்தால் வாங்காதீர்கள்.