அப்பாவுக்குப் பல்வலி

"தொடாதேடா! உயிரே போகுது!"

எண்பது தாண்டிய அப்பா கன்னத்தைப் பொத்திக்கொண்டு கத்தினார். மகனான தையல்காரர் அளவு நாடாவைத் தூக்கி மேசையில் எறிந்தார். அவருக்கே அறுபது நடக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலை மாதிரிக் குவிந்து கிடக்கின்றன. இந்த நேரம் பார்த்துத்தானா இந்த மனுஷனுக்குப் பல் வலிக்க வேண்டும்?

"காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. சர்க்கரை மாத்திரைய வேற போட்டுக்கிட்டீங்க. மயங்கி விழுந்தா என்ன பண்றது?"

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். உனக்கென்ன?"

எனக்கென்னவா! தையல்காரருக்குப் பயம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். இருக்கிறது ஒரே ஒரு அப்பா. கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கஞ்சி காய்ச்சினார். சுடுகிறது என்று அப்பா தள்ளிவிட்டார். ஆற்றிக் கொண்டுவந்தால், ஆறிப்போச்சு என்று தள்ளிவிட்டார். வீணாகப் போகிறதே என்று தையல்காரரே மடமடவென்று குடித்து வைத்தார்.

கிராம்பு எண்ணெய் வாங்கிவந்தார். "வாயத் திறங்கப்பா" என்று குனிந்தபோது அப்பா வெடுக்கென்று தலையைத் திருப்ப, பாதி எண்ணெய் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் மேல் கொட்டியது. சோப்புப் போட்டுத் தேய்த்தார். கறை போகாதது மட்டுமில்லை, காலரில் இருந்தது சட்டைப்பை வரைக்கும் இறங்கிவிட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு! இனி ஒரு பேச்சும் கிடையாது. கிளம்புங்க பல் டாக்டர்கிட்ட!"

"நான் வரல."

"இந்த வயசுல பல்லை அலட்சியமா விடலாமா? ஈறுல சீழ் வச்சா சர்க்கரையும் ஏறும். மெல்ல முடியலைன்னா சாப்பாடு குறையும், உடம்பு இளைக்கும். இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியே!" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அங்கே போய் அந்த நீள நாற்காலியைப் பார்த்ததும் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதுல எப்படிடா உட்கார்றது? நீ முதல்ல உட்கார்ந்து காட்டு."

"எல்லாம் என் தலையெழுத்து!" தையல்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலி அவரோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தது.

"வாயை எவ்வளவு திறக்கணும்?" என்று அப்பா வாசலிலிருந்தே கேட்டார்.

"இவ்வளவுதான்! ஆ..."

திறந்த வாய்க்குள் டாக்டரின் சின்னக் கண்ணாடி நுழைந்தது. பின்னாலேயே ஒரு கம்பி. அது கடைவாயில் இலேசாகத் தட்டியதுதான் தாமதம், தையல்காரர் கூரை அதிர அலறினார்.

"ஐயோ! டாக்டர், எனக்கில்லைங்க! வலி அவருக்கு!"

டாக்டரிடம் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்து நீட்டிய உதவியாளர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அசையாம இருங்க சார். ஐயா போன வாரமே தன் பல்லைக் காட்டிட்டு, உங்களுக்கும் நேரம் வாங்கிட்டுப் போயிட்டார். 'காலமெல்லாம் நூலைப் பல்லால கடிச்சவன் இப்போ கத்திரிக்கோலைத் தேடுறான்மா. பயந்தாங்கொள்ளி, அவனுக்குன்னு கூப்பிட்டா வரவே மாட்டான், எனக்கு வலின்னா தூக்கிட்டு ஓடி வருவான்'னு சொன்னார்."