இரட்டைக் கண்ணாடி யன்னல்

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆடி மாதம் நான் ஒரு முடிவெடுத்தேன். வீட்டு மர யன்னல்களை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடி யன்னல் போடுவது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் தனியாக எடுத்த மூன்றாவது முடிவு அது. முதல் இரண்டும் எவை என்று மறந்துவிட்டது. என் பெண்சாதி குணேஸ்வரிக்கு ஞாபகம் இருக்கும். மாற்றியவள் அவள்தானே.

எல்லாம் கச்சான் காற்றால் வந்த வினை. தம்பலகாமத்துப் பக்கமிருந்து அனலாக வீசும். வீட்டில் இருப்பதோ ஒரேயொரு ஸ்டாண்ட் ஃபேன். அது முன்னறையில், என் கதிரைக்குப் பக்கத்தில், என் முகத்தைப் பார்த்தபடி இரவு பகலாகச் சுழலும். கறண்ட் பில்லோ மாதாமாதம் என்னை முறைக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவிலிருந்து மச்சான் இராசதுரையின் கடிதம் வந்தது. அவர் வீட்டு யன்னலுக்கு இரண்டு கண்ணாடியாம். நடுவில் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்களாம். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டுக் குளிர் வராதாம்.

குளிரை மறிக்கிற யன்னல் வெக்கையை மறிக்காதா? இப்படி யோசிக்கத் திருகோணமலையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"இஞ்சரும், யன்னலெல்லாம் மாத்தப் போறன்."

"மாத்துங்கோ."

"ரெட்டைக் கண்ணாடி. திறக்கவே தேவையில்லை."

"நல்லதுதானே."

"ஃபேனும் தேவைப்படாது. கறண்ட் மிச்சம்."

"அதைவிட என்ன வேணும்?"

தொடர்ந்து மூன்று முறை குணேஸ்வரி ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமில்லை.

"ஒண்டுதான் யோசனை," என்றாள். "தண்ணிக்கடியால ஆரும் நீந்தி வருவினமெண்டு நேவிக்காரர் துறைமுகத்துக்குள்ள வெடி போடேக்க கண்ணாடி தாங்குமோ?"

"அதுக்குத்தானே ரெண்டு கண்ணாடி! ஒண்டு உடைஞ்சா மற்றது இருக்கும்."

சொன்ன பிறகு எனக்கே அது சரியாகப் படவில்லை. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். நான் வேலை செய்யும் கந்தோர் முழுக்கவும் சொல்லியாகிவிட்டது. தச்சுவேலை அபூதாஹிர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அளவெடுக்க வருவதாக இருந்தது. வரும்போதே என் பழைய முதிரை மர யன்னல்களைக் கழற்றி, குச்சவெளியில் கட்டுகிற ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும் பேச்சு. கழற்றினால் கழற்றினதுதான், அப்படி முதிரை இனிக் கிடைக்காது.

ஞாயிறு மத்தியானம் சோறு தின்று எழும்பினேன். குணேஸ்வரி நான் உடுத்துக் கழித்த பழைய சாரங்களோடு நின்றாள்.

"அபூதாஹிர் வரமுன்னம் ஒருக்காப் பரீட்சிச்சுப் பாப்பம். யன்னலெல்லாம் சாத்தி, இடுக்கெல்லாம் இதை அடைச்சுவிடுறன். கண்ணாடி யன்னல் மாதிரித்தானே? ஃபேனில்லாமல் நாலு மணிவரை உள்ள இருங்கோ."

"ஏன், ஏலாதெண்டு நினைக்கிறீரோ?"

"சீ! உங்களால ஏலாததும் இருக்கோ?"

இதற்குப் பிறகு எந்த ஆம்பிளை வெளியே வருவான்? முன்னறைக்குள் போய் ஃபேனை நிற்பாட்டினேன். கதவும் சாத்தப்பட்டது.

பத்து நிமிடத்தில் பெனியன் நனைந்தது. அரை மணியில் கதிரை நனைந்தது. வெளியிலிருந்து குரல் வந்தது.

"எப்பிடி இருக்கு?"

"நுவரெலியா மலைக்குளிர் மாதிரி!"

அந்த நேரம் துறைமுகத்தில் 'டும்' என்றது. முதிரைப் பலகைகள் கடகடவென்று ஆடின. கூரைத் தூசியெல்லாம் என் வியர்வையில் வந்து ஒட்டியது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் கண்ணாடி இருந்திருந்தால் என் மடிக்குத்தான் வந்திருக்கும். முதல் கண்ணாடியும் வந்திருக்கும், மற்றதும் வந்திருக்கும். யன்னலைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் இனி எப்படி மாட்டேன் என்று சொல்வது? நுவரெலியா என்று கத்தியாகிவிட்டதே!

நாலு மணிக்கு அபூதாஹிர் ஆயுதப் பெட்டியோடு வந்தார். நான் கிணற்றில் விழுந்து எழும்பியவனைப்போல வெளியே வந்தேன். அவர் யன்னல் பிணைச்சலில் கை வைத்தார்.

"நில்லுங்கோ நானா," என்றாள் குணேஸ்வரி. "இந்த யன்னலைச் சாத்தினாலே இவருக்கு நுவரெலியா மாதிரி இருக்காம். ரெண்டு மணித்தியாலம் இருந்து பாத்தவர். பிறகேன் கண்ணாடி?"

"அப்படியா ஐயா?"

"ஓம் ஓம்!" என்றேன். அவ்வளவு உரத்து என் கல்யாணத்தில்கூட நான் ஓம் சொல்லவில்லை.

"நல்ல காலம்," என்றார் அபூதாஹிர். "இந்தத் துறைமுகத்துப் பக்கம் கண்ணாடி போட எனக்கும் மனசில்ல." தேத்தண்ணி குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். நான் ஒழுங்கை முடிவுவரை கூடப்போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

முதிரையும் தப்பியது, மானமும் தப்பியது. கந்தோரில் யார் கேட்டாலும் விஞ்ஞான ரீதியாகப் பரீட்சித்துக் கைவிட்டேன் என்று சொல்லலாம். என்ன இருந்தாலும் பெண்சாதி பெண்சாதிதான். அவளைக் கோயிலில் வைத்துக் கும்பிடலாம் என்று நினைத்தபடி யன்னல்களை அகலத் திறந்தேன். கச்சான் முகத்தில் அறைந்தது. பரவாயில்லை, ஃபேனைப் போடுவோம் என்று திரும்பினால் ஃபேனைக் காணவில்லை.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். குணேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சேலைத் தலைப்பு ஆனந்தமாகப் பறந்துகொண்டிருந்தது.

"ஃபேன்..." என்று இழுத்தேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு அங்க சளி பிடிச்சிடும். கதிரையில சால்வை வைச்சிருக்கிறன், போர்த்துக்கொண்டு இருங்கோ."