மீசைக்காரர் நம் கொள்ளுத் தாத்தா அல்ல

பெருமதிப்பிற்குரிய அண்ணாவுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது.

அங்கே நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

என் சேகரிப்பைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்த ஆய்வாளன் நான். பொருளைக் கையில் எடுத்தாலே தரம் தெரிந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் மட்டும் சரியான நேரம் காட்டும் முடிதிருத்தகக் கடிகாரம், குழாய் மட்டும் மிஞ்சிய கிராமபோன், பல் மருத்துவர் ஒருவர் பிரிய மனமில்லாமல் கொடுத்த சாய்வு நாற்காலி என்று இந்த ஊரில் வேறு யார் வீட்டிலும் இல்லாதவை என் கூடத்தில் இருக்கின்றன. காலையில் துணியோடு ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது வருகிற சந்தோஷம், பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட எனக்கு வரவில்லை. உங்கள் தம்பி மனைவிதான், "இன்னொரு பழைய சாமான் இந்த வாசப்படி ஏறுச்சுன்னா, நான் இறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா பழைய சாமான் கடையில் அந்தப் படம் என் கண்ணில் பட வேண்டும். கோட்டு, முறுக்கு மீசை, ஒரு கையில் குடை, பக்கத்தில் பதப்படுத்தி நிறுத்திய கொக்கு. அப்படி ஒரு கம்பீரம். யோசித்தேன். சாமான் வேறு, முன்னோர் வேறு. முன்னோரை எந்த மனைவியும் வெளியே போடச் சொல்ல மாட்டாள். "நம்ம கொள்ளுத் தாத்தா. அண்ணா அனுப்பியிருக்காரு" என்றேன். உங்கள் வார்த்தைக்கு அவளிடம் இருக்கிற மதிப்பு என் வார்த்தைக்கு ஏது? அவளே ஆணி அடித்து மாட்டினாள். என் மூக்கு அப்படியே அவர் மூக்கு என்று கண்டுபிடித்ததும் அவள்தான். எனக்கும் பெருமையாக இருந்ததால், அவர் வெள்ளத்தில் நாற்பது பேரைக் கரைசேர்த்த கதையையும் சொல்லிவைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பெண்ணுக்குப் பேசி முடிக்கப் பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பெண்ணும் பையனும் ஒரே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்கள், தாங்களாகவே முடிவு செய்துகொண்டவர்கள். பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. பையனின் அப்பா என் நாற்காலியைத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் இப்ப தேடினாலும் கிடைக்காதுங்களே" என்றபோதே எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று. உட்காரவைத்து நானே பிடியை அழுத்தினேன். மல்லாந்து சாய்ந்தவர் கண் நேரே படத்தில் போய் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. பையனின் அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"இவரு எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத் தாத்தா ஆச்சே. எங்க கூடத்துலயும் இதே குடை, இதே கொக்கு."

"இல்லீங்க, எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத் தாத்தா" என்றாள் உங்கள் தம்பி மனைவி விடாமல். "இவரு மூக்கைப் பாருங்க."

அந்த அம்மா என் மூக்கைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் பங்காளி. பிள்ளைங்க அண்ணன் தங்கச்சி முறை ஆகுதே."

பல் மருத்துவர் நாற்காலியில் படுத்தும் வாயைத் திறக்காத முதல் ஆள் பையனின் அப்பாவாகத்தான் இருப்பார். நானும் திறக்கவில்லை. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் இன்னும் என் மூக்கைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

மூன்று நாளாகப் பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை அண்ணா. ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நம் கொள்ளுத் தாத்தா மீசையே வைத்ததில்லை, கொக்குக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, படத்தை நீங்கள் அனுப்பவும் இல்லை என்று உங்கள் கைப்பட நான்கு வரி எழுதுங்கள். நான் சொன்னால், கல்யாணம் நடக்கத் தாத்தாவையே மறுக்கிறான் என்பார்கள். என் சாமான் முழுவதும் தெருவுக்குப் போனாலும் போகட்டும். அவள் சிரித்தால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம். முன் எப்போதையும்விட இப்போது உங்கள் ஆசி தேவைப்படும்,
தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பையனின் அப்பா குடும்பத்தோடு வந்துவிட்டார். கூடத்தின் நடுவில் நின்று, "அது எங்க தாத்தா இல்லீங்க. பழைய சாமான் கடையில வாங்கினது. வீட்டுல திட்டுவாளேன்னு பொய் சொல்லிட்டேன். என் பையன் மூஞ்சியப் பார்க்க முடியல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதே கடை. என்ன மனசு அண்ணா அவருக்கு. கண் கலங்கி, சம்பந்தி என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெண் சிரித்தாள். கல்யாணம் முடிவாகிவிட்டது. ஆகவே அந்த நான்கு வரி வேண்டாம். நம் கொள்ளுத் தாத்தா படம் கடைக்கு எப்படிப் போயிற்று என்று உங்கள் தம்பி மனைவி கேட்டாள். வீடு மாற்றும்போது நீங்கள்தான் இன்னொரு பிரதியைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறாள். கல்யாணத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.